லான்சரும் ரோலர் பட்டறையும்

ஏப்ரல் 14

சித்திரைப் பிறப்பு, பிரஸ் லீவு. வெயில் ஏறுமுன் என் லான்சர் காரைத் தூக்கி நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தாயிற்று. அடியில் படுத்து டார்ச் அடித்தால் 2001-ல் கம்பெனியில் அடித்த கறுப்புப் பூச்சு இன்னும் இருக்கிறது. தூத்துக்குடியில் ஓடிய வண்டியாக இருந்தால் இந்த வயதுக்குத் தரைத்தகட்டில் கைவிட்டு ரோட்டைத் தொடலாம். இங்கே துரு என்று சொல்ல சைலன்சர் வளைவில் கொஞ்சம், அவ்வளவுதான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேர்பிடிக்க எந்த வறண்ட காற்று உதவியதோ, அதே காற்றுதான் என் வண்டித் தகட்டையும் காத்திருக்கிறது.

அந்தக் காற்றுக்கு ரப்பர் மட்டும் ஆகாது. ரேடியேட்டர் ஹோஸ் விரலுக்குக் கொடுக்கவில்லை, கல்லாக இருக்கிறது. டிரைவ் ஷாஃப்ட் பூட்டின் மடிப்புகளில் வெடிப்பு. இன்ஜின் மவுன்டில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து நிற்கிறது. வால்வு கவர் கேஸ்கெட்டில் எண்ணெய்க் கசிவு. பின் சக்கர ஆர்ம்களின் புஷ்கள் ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு. ஓடோமீட்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஓடித் தேய்ந்ததைவிட நின்று காய்ந்ததுதான் அதிகம்.

இந்தக் கோடைக்கு ரப்பர் வேலை மட்டும். பெயின்ட், சீட் எல்லாம் பிறகு.

ஏப்ரல் 19

மச்சினன் வந்தான். போனட்டில் ‘எவோ’ ஸ்டிக்கர் ஒட்டலாமே அத்தான் என்கிறான். ஒட்ட மாட்டேன். டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலிப் பட்டம் வென்றது லான்சர் எவல்யூஷனில். அதற்கும் இதற்கும் கூடு ஒரே குடும்பம், உண்மைதான். ஆனால் அதில் இருந்தது டர்போ வைத்த இரண்டு லிட்டர் இன்ஜின், 280 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை. இதில் இருப்பது 1,468 சிசி, 87 குதிரைத்திறன், முன்சக்கர இழுவை. அண்ணன் பெரிய பயில்வான் என்று தம்பி தொடையைத் தட்டக் கூடாது.

இந்த வண்டிக்கு வேறு பெருமை உண்டு. இது திருவள்ளூரில் பிறந்தது. அம்பாசடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998-ல் அங்கே லான்சரை இறக்கியது. பல கம்பெனிகள் பின்னால் ஒற்றை உத்திரம் போட்டு அனுப்பிய காலத்தில் இதற்குப் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும் மல்டி லிங்க். வளைவில் இது ரோட்டைப் பிடிப்பதை ஸ்டியரிங் பிடித்தவன்தான் உணர முடியும். அந்தச் சுகத்துக்கு விலை, பின்னால் அத்தனை ஆர்ம், அத்தனை புஷ்.

இப்போது அதே திருவள்ளூர் ஆலையில் சிட்ரோயன் கார்கள் வருகின்றன. லான்சருக்கு ஷோரூம் கிடையாது, சர்வீஸ் கிடையாது. ஸ்பேர் வேண்டுமென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிச் சாமான். புதுப்பேட்டையில் இரும்புச் சாமான் வாங்கலாம். ரப்பர் வாங்கக் கூடாது. அதுவும் இதே வயதுதானே.

மே 5

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பெட்ரோல் ஹோஸ் மாற்றும் வேலையை அதிகாலைக்கு வைத்தது எதிர்வீட்டு அண்ணாச்சியின் கட்டளை. அவர் பயர் ஆபீசில் போர்மேன். (எங்கள் ஊரில் தீப்பெட்டியோ வெடியோ, தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, எல்லாம் ஆபீஸ்.) மருந்து கலக்குவதைக் காலை வெயிலுக்கு முன் முடித்துவிடுகிற தொழிலில் முடி நரைத்தவர். என் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “மணல் வாளி எங்கே தம்பி?”

இல்லை. அவர் வீட்டிலிருந்தே வந்தது. செல்போனை வீட்டுக்குள் வைக்கச் சொன்னார். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றச் சொன்னார். பம்ப் இணைப்பை முன்கூட்டியே பிடுங்கிவிட்டு, இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓட்டியிருந்தேன். அதைக் கேட்டுத் தலையசைத்தார். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் நிற்கும், அழுத்தத்தை இறக்காமல் கிளிப்பைத் தளர்த்தினால் முகத்தில் பீய்ச்சும். கடைசியாக, “பாடியைத் தொட்டுட்டு வேலையைத் தொடு” என்றார். வெடி ஷெட் வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போவார்கள், அந்தப் பழக்கம். எந்த சர்வீஸ் புத்தகமும் இவ்வளவு நன்றாகச் சொல்லித்தந்ததில்லை.

கழற்றிய பழைய ஹோஸை வளைத்தேன், முறிந்தது. உள்சுவர் பிசுபிசுக்கிறது. இது வெயில் செய்த வேலை மட்டுமல்ல. இப்போது பங்க்கில் ஊற்றுவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் அதைத் தாங்கும் பொருள்களால் செய்யப்பட்டவை. 2001-ல் அப்படி ஒன்றை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மைலேஜ் குறைவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் ஹோஸ் ஊறிப் போவதுதான் எனக்குப் பயம். கார்புரேட்டர் வண்டி ஹோஸ் விலை குறைவு, பார்க்கவும் ஒன்றுபோலவே இருக்கும். அதை இதில் போடக் கூடாது. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட, உள்ளே வைட்டான் பூச்சுள்ள ஹோஸ் வாங்கினேன்.

ஸ்டார்ட் செய்தபின் அண்ணாச்சி இணைப்பு ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மே 10

டைமிங் பெல்ட். இதுவும் ரப்பர்தான். 80,000 கிலோமீட்டருக்கு மாற்று, ஒரு லட்சத்துக்கு மாற்று என்பார்கள். ஓடாமல் நிற்கிற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, வருடக் கணக்குத்தான். கேம், கிராங்க் இரண்டின் குறிகளையும் நேருக்கு நேர் நிற்கவைத்துப் புது பெல்ட்டைப் போட்டு, ஸ்பேனரால் கிராங்க்கை இரண்டு சுற்று கையாலேயே சுற்றினேன். கேம் ஒரு சுற்று. குறிகள் திரும்பவும் சேர்ந்தன. சாவியைத் தொடும் முன் இந்த இரண்டு சுற்று கட்டாயம்.

மே 24

பிரஸ்ஸிலிருந்து டியூரோமீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கி வந்தேன். ஆஃப்செட் மிஷினில் மை ரோலரின் ரப்பர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஷோர் அளவில் பார்க்கும் கருவி. ரோலர் புதிதில் 30-ஐ ஒட்டி இருக்கும், இறுகிவிட்டால் மை சரியாகப் பரவாது. கார் புஷ் ரோலரைவிடக் கடினம், 60, 65 இருக்கலாம். என்னுடையது 80-ஐத் தாண்டி நின்றது. இதற்குப் பெயர் புஷ் இல்லை, மரக்கட்டை. அதனால்தான் திருத்தங்கல் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டுக்கு வந்து சேர்ந்தது.

சில புஷ்கள் சென்னையில் கிடைத்தன. ட்ரெயிலிங் ஆர்ம் புஷ் எங்கேயும் இல்லை. எதற்குச் சென்னை என்று தோன்றியது. இந்த ஊரில் அச்சு ரோலருக்கு ரப்பர் ஏற்றும் பட்டறைகள் இருக்கின்றன. பழைய ரப்பரை உரித்து, இரும்பைச் சுரண்டி, பசை பூசி, புது ரப்பர் சுற்றி, நீராவியில் வேகவைத்துக் கடைந்து கொடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. சிவகாசியை நேரு ‘குட்டி ஜப்பான்’ என்றார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு ஏதாவது பொருள் இருந்தால் அது இந்தப் பட்டறைகளில்தான் இருக்கிறது, மேடைப் பேச்சில் இல்லை.

பட்டறைக்காரர் புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்தார். “எண்ணெய் படுமா?” இதுதான் முதல் கேள்வி. சரியான கேள்வி. சாதா மைக்கு ஓடும் ரோலர் ரப்பர் வேறு, யுவி மைக்கு வேறு. மாற்றிப் போட்டால் ஊதிவிடும். எண்ணெய் அதிகம் படாது, நாள் முழுக்க முறுக்கும் அடியும்தான் என்றேன். அப்படியானால் இயற்கை ரப்பர் கலவை, 65 ஷோர் என்று முடிவு செய்தார். உள்குழல், வெளிக்குழல் இரண்டும் பழையதே. அச்சு மட்டும் பக்கத்து லேத்தில் கடைய வேண்டும்.

ஜூன் 7

பிரேக். இங்கே பட்டறைக் கைவேலைக்கு இடமில்லை. பட்டறைக்காரரே, “பிரேக் ரப்பர் நான் செய்ய மாட்டேன், வாங்கிப் போடுங்க” என்று முன்பே சொல்லிவிட்டார். சொன்னவர்மேல் மரியாதை கூடியது.

காலிப்பர் சீல் ஈபிடிஎம் ரப்பர். கிளைக்கால் பிரேக் ஆயிலில் வருடக்கணக்கில் கிடக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் பட்டால் உப்பிவிடும். கிராங்க் ஆயில் சீல் நைட்ரைல், அதன் குணம் நேர் தலைகீழ். நம் ஊர் மெக்கானிக் ஷெட்டுகளில் எல்லாவற்றையும் ஒரே மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவுவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பிஸ்டனைப் பிரேக் ஆயிலாலேயே துடைத்து, சீலை அதிலேயே நனைத்து உட்காரவைத்தேன். பழைய ஆயில் டீத்தண்ணி நிறத்தில் வந்தது. இவ்வளவு வறண்ட ஊரிலும் அது ஈரத்தைக் குடித்துத்தான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாதவர் மலைப்பாதையில் இறங்க வேண்டாம்.

பெடல் மிதிக்க வீட்டுக்காரி உட்கார்ந்தாள். “மிதி, பிடி, விடு” என்று அரைமணி நேரம். அவளுக்கு என் குரல் பிடிக்கவில்லை.

ஜூன் 28

புஷ்கள் ஏறிவிட்டன. ஆர்ம் போல்ட்டுகளை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்கவில்லை. சக்கரம் தரையில் நின்று வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்தபின்தான் இறுக்கினேன். தொங்கும்போதே இறுக்கினால் இறக்கியவுடன் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். நல்ல புஷ்ஷை இப்படிக் கெடுத்துவிட்டு சாமான் சரியில்லை என்பவர்கள் நிறைய.

அலைன்மென்ட் பார்த்துவிட்டு விருதுநகரிலிருந்து நான்குவழிச் சாலையில் சாத்தூர்வரை. ரோட்டின் இணைப்புகளில் முன்பு வந்த ‘டம்’ இப்போது ‘தப்’ அளவில் அடங்கிவிட்டது. பாலத்து வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தோடு சேர்ந்தே திரும்புகிறது. சேவு வாங்கிக்கொண்டு திரும்பினேன். கதவுக் கண்ணாடி ரப்பர் மட்டும் இன்னும் விசில் அடிக்கிறது.

ஜூலை 12

பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய காருக்கு மத்திய அரசு கட்டணத்தை 5,000-லிருந்து 10,000 ஆக்கிவிட்டது. பழைய வண்டியை ஒழிக்க வேண்டும் என்பது நோக்கம். புகை கக்குகிற வண்டியை ஒழிக்கட்டும், சரி. புகைச் சோதனையில் தேறி, பிரேக் பிடித்து, துரு இல்லாமல் நிற்கிற வண்டிக்கும் வயதை மட்டும் பார்த்துத் தண்டம் போடுவது எனக்கு ஒப்பவில்லை. கட்டத்தான் போகிறேன்.

சாயங்காலம் ரோலர் பட்டறைக்குப் போனேன். புஷ் அச்சைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் வைத்திருக்கிறார். கோவில்பட்டிப் பக்கம் யாரோ ஒருவரிடம் இதே லான்சர் நிற்கிறதாம், ஒரு ஜோடி கேட்டிருக்கிறாராம். “அதே 65-தானா, இல்லை கொஞ்சம் கூட்டவா?” என்று என்னிடம் கேட்டார். அந்த ஊர் ரோட்டுக்கு 65 போதும் என்றேன். கோவில்பட்டிக்காரர் வரும்போது இன்ஜின் மவுன்ட் சாம்பிளும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் பட்டறைக்காரர்.