எச்சில் தொட்டுப் பார்த்த தோல்

குளிருக்குத் தோல் பேண்ட் வாங்கப் போன இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அதைத்தான் எழுத வேண்டும்.

நீலகிரித் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் எனக்கு வேலை. ஜனவரியில் விடியற்காலை கோத்தகிரியிலிருந்து உதகைக்கு வண்டியை எடுத்தால் வழியெல்லாம் புல்மேல் உறைபனி வெள்ளையாய்க் கிடக்கும். மேலுக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. காற்று அறைவது முட்டியில். இறங்கினால் கால் மடங்காது. ஜீன்ஸ் காற்றை உள்ளே விடும். பிளாஸ்டிக் மழைப் பேண்ட் காற்றைத் தடுக்கும், ஆனால் உள்ளே வேர்த்து அந்த ஈரமே குளிரும். தோல்தான் சரி என்றார் ஒரு தோழர். காற்றும் புகாது, விழுந்தால் தேய்வதும் அதுதான், நம் தோல் அல்ல.

சென்னை பெரியமேட்டில் ஒரு கடை. நாலு பேண்டை எடுத்துப் போட்டார்கள். போட்டிருந்த பேண்ட்டுக்கு மேலேயே மாட்டிப் பார்த்தேன். நின்று பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். ஸ்டூலில், வண்டியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தேன். ஒன்று கணுக்காலுக்கு மேல் ஏறியது. ஒன்று பின்னிடுப்பில் இறங்கியது. மூன்றாவதை ஷூவைக் கழற்றாமல் போட முடியாது. நாலாவது காப்பிக்கலர். இடுப்பிலிருந்து பாதம்வரை ஜிப். யோசிக்காமலே விரலை எச்சில் தொட்டு அதன் ஓரத்தில் வைத்தேன். ஈரம் இறங்கி இடம் கறுத்தது. குறையை மறைக்கக் கனமாகப் பூச்சு பூசிய தோலென்றால் எச்சில் மேலேயே நிற்கும்.

கடைக்காரர் சிரித்தார். "சாருக்குத் தோல் வேலை தெரியுமோ?"

"புஸ்தகத்துல படிச்சேன்."

எந்தப் புஸ்தகத்தில்? நான் படித்தது எம்.ஏ. தமிழ். எச்சில் வித்தை என் நைனாவுடையது. ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி, குரோம் டிரம் என்று இருபத்தாறு வருஷம். விரலிடுக்கில் குரோம் புண். சோறு பிசைந்தால் காந்தும், அம்மா ஊட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திய நாளிலிருந்து, எங்க நைனா பஸ் டிப்போவுல வேல என்று சொல்லி வந்தேன். இன்று மேடையேறிச் சாதியைக் கிழிக்கிறேன். ஒரு கடைக்காரர் கேட்டதும் அந்தப் பையன் வந்துவிட்டான்.

விலை 10,000 ரூபாய். 1996 ஆகஸ்டில் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், எங்கள் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களில் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் போட்ட அபராதமும் இதே 10,000தான். ஆற்றைக் கெடுத்ததற்கு அது. நைனாவின் கையைக் கெடுத்ததற்கு யாரும் எதுவும் கட்டவில்லை.

ஊருக்குக் கொண்டுபோனேன். "நாங்க கைய வுட்டு அலசனத நீ காசு குட்த்து வாங்கியாந்துக்கீறியா?" என்றாள் அம்மா. நைனா பேசவில்லை. தொடை, உட்காருமிடம், முட்டி என்று தடவிக்கொண்டே வந்தார். வலது முட்டியில் விரல் நின்றது.

"மத்ததெல்லாம் முதுகுத் தோலு, நல்லாத்தான் கீது. இங்க மட்டும் வயித்துத் தோல வெச்சி ஏமாத்திக்கீறான். வயித்துத் தோலு இழுத்துக்கும், தொங்கிப்பூடும். நீ யாரு புள்ளன்னு அவங்கைல சொல்லலியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

ஒரே குளிர்காலத்தில் வலது முட்டி தொங்கிவிட்டது. அடுத்த பேண்ட் வாங்க நைனாவை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். எச்சில் தொட்டு அவரே வைக்கட்டும். கடைக்காரர் கேட்டால் நான் பதில் சொல்கிறேன்.