குளிசைக் கணக்கு

சிக்கனம் எங்கள் வீட்டில் ஓர் அறமாகவே போற்றப்பட்டு வந்தது. கரைந்து மெலிந்த சவர்க்காரத் துண்டைப் புதிய கட்டியோடு ஒட்டிப் பாவிப்பது அம்மாவின் வழக்கம். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்புக்கு வந்த பின்னரும் அவ்வழக்கம் மாறவில்லை. அம்மரபில் வந்த எனக்கு, உகண்டாவின் கம்பாலா நகரிற் பதினான்கு நாள் தங்கவேண்டிய கல்விப் பயணமொன்று வாய்த்தபோது, மகிழ்ச்சிக்கு முன்னதாகவே கணக்கு வந்துவிட்டது. டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய 2022ஆம் ஆண்டிற்கு அடுத்த ஆண்டு அது. விமானச் சீட்டை அழைத்தவர்கள் தந்தார்கள்; ஏனைய செலவெல்லாம் என்னுடையது. மலேரியாத் தடுப்புக் குளிசை அவற்றுள் ஒன்று.

இலண்டனிலுள்ள சித்தப்பாவின் மகன், தான் ஆபிரிக்கா சென்றபோது உட்கொண்ட ‘மலரோன்’ என்னும் குளிசையை விதந்துரைத்தான். நாளுக்கொன்று, திரும்பிய பின் ஏழு நாள் எடுத்தாற் போதும். அதன் விலையை ரூபாவாக மாற்றிப் பார்த்ததும் பேச்சை வேறு திசைக்குத் திருப்பினேன். காலி வீதியிலுள்ள மருந்துக்கடையொன்றில் விசாரித்தேன். அங்கிருந்த முதியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, “தம்பி, ஏன் காசைக் கரைக்கிறீர்? நாரகேன்பிட்டியில மலேரியாத் தடுப்பு இயக்கத்தில சும்மா தருவினமே” என்றார். தமது வியாபாரத்தைத் தாமே கெடுத்துக்கொண்ட அப்பெரியவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

141ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினேன். கடவுச்சீட்டையும் பயண நாட்களையும் பார்த்த பெண் உத்தியோகத்தர், முகவரியையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு, மெப்ளோகுயின் குளிசைகள் எட்டினைத் தந்தார். வாரத்துக்கு ஒன்று. போகுமுன் இரண்டு, அங்கே இரண்டு, வந்தபின் நான்கு. திரும்பியதும் இரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டும், அதுவும் இலவசம், பின்னர் எப்போது காய்ச்சல் கண்டாலும் எங்கே போய் வந்தேன் என்பதை வைத்தியரிடம் மறவாது சொல்லவேண்டும் என்றார். ஒரு சதமும் செலவின்றி வெளியே வந்தவன், அன்று வீதியோரத்தில் இளநீர் குடித்ததை ஊதாரித்தனமென்று எண்ணவில்லை.

எட்டில் நான்கு, ஊர் திரும்பிய பின்னர் உட்கொள்ளவேண்டியவை. ஆபத்து நீங்கிய பிறகு பாதி மருந்தா? இந்த ஐயத்தை நெய்யூற்றி வளர்த்தவர் கொட்டாஞ்சேனை மாமா. கப்பலில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். “தம்பி, லாகோஸ் துறைமுகத்திலை மாதக்கணக்காய்க் கிடந்தனான். கப்பல் வெளிக்கிட்டவுடனை குளிசையை விட்டிடுவன். எனக்கு என்ன வந்தது?” என்றார். மாமாவின் அனுபவத்தை மறுக்க எனக்குத் துணிவில்லை. மறுக்க விருப்பமும் இல்லை. கம்பாலாவிலிருந்து வந்தபின் இரண்டு குளிசைகளை விழுங்கினேன். எஞ்சிய இரண்டையும் அடுத்த பயணத்துக்கு உதவுமென்று மேசை இலாச்சியில் வைத்தேன். இலவசமாகக் கிடைத்ததிலும் மிச்சம் பிடித்த பெருமை எனக்கு. இரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. பேருந்துக் காசு மிச்சம்.

நுளம்பு கடித்ததும் உடலிற் புகும் கிருமி நேரே இரத்தத்தில் நின்றுவிடுவதில்லை. முதலில் ஈரலுட் சென்று ஒளிந்து பெருகி, நாட்கள் கழிந்தே இரத்தத்துக்கு வருகிறது. மெப்ளோகுயின் ஈரலிலுள்ள கிருமியைத் தொடாது. இரத்தத்துக்கு வரும்போதே கொல்லும். ஆகவே, பயணத்தின் கடைசி இரவிற் கடித்த நுளம்பின் கிருமி வெளிவரும் நாளில் மருந்து இரத்தத்திற் காத்திருக்கவேண்டும். அந்த நான்கு குளிசைகளும் அக்காவலுக்கானவை. மலரோன் ஈரலிலும் வேலைசெய்வதாற்றான் அதற்கு ஏழு நாள் போதுமாகிறது. இவ்வளவையும் நான் படித்தறிந்தது காரியம் கெட்ட பின்னரே.

இந்நாடும் ஒருகாலத்தில் என்னைப் போலவே கணக்குப் பார்த்தது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன நோய், வீடு வீடாக டி.டி.ரி. தெளித்ததன் பயனாக 1963இல் பதினேழு நோயாளராகச் சுருங்கியது. பகை ஒழிந்ததென்று எண்ணித் தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். தெளிமருந்தை எதிர்க்கும் வலிமையை நுளம்பும் படிப்படியாகப் பெற்றுக்கொண்டது. மீண்டும் பல்லாண்டு பாடுபட்டே 2012 ஒக்ரோபரில் உள்நாட்டிற் தொற்றிய கடைசி நோயாளரைக் கண்டோம்; 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடென இலங்கைக்குச் சான்றளித்தது. இன்று அந்நோய் இங்கு வரவேண்டுமாயின் என்னைப் போன்ற ஒருவனின் இரத்தத்தில் ஏறித்தான் வரவேண்டும். 2018இல் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து இங்குள்ள நுளம்பு மூலம் இன்னொருவருக்குத் தொற்றியதும் உண்டு.

இவை யாவும் மனத்தை உறுத்தியது யாழ்ப்பாணத்தில். நல்லூர்த் திருவிழாவுக்கெனப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் தொடங்கிற்று. வைத்தியர் டெங்கு என்றே ஐயுற்றார், பின் எழுதுகோலை நிறுத்தி, “வெளிநாடு ஏதும் போனனீரோ?” என்று கேட்டார். சொன்னேன். அவருடைய முகம் மாறியதைக் கண்டேன். இரு நோய்க்குமாக இரத்தம் எடுக்கப்பட்டது.

முடிவு மறுநாள் என்றார்கள். அன்றிரவு உறக்கமில்லை. சாளரத்துக்கு வெளியே கிணறு. அனோபிலிசு ஸ்ரெபென்சி என்னும் இந்திய நகரத்து நுளம்பு 2016 இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டதென்றும், அது கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகுமென்றும் கைத்தொலைபேசியில் வாசித்தவாறு கிடந்தேன். அடுத்த அறையில் அக்காவின் இரண்டு வயதுக் குழந்தை, புழுக்கம் தாளாமல் நுளம்புவலையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு உறங்கியது. மூன்று முறை எழுந்துபோய் அவ்வலையை இழுத்துச் செருகினேன். நான்காம் முறை அக்கா விழித்து, “உனக்கு என்னடா?” என்றாள். “ஒன்றுமில்லை” என்றேன்.

மறுநாள் வந்த முடிவு டெங்கு. டெங்குக்காக மகிழ்ந்த நோயாளி நான் ஒருவனாகவே இருக்கக்கூடும்.

உடல் தேறிக் கொழும்புக்கு வந்ததும், இலாச்சியிலிருந்த இரண்டு குளிசைகளையும் எடுத்துக்கொண்டு மீண்டும் 141இல் ஏறினேன். அதே உத்தியோகத்தர். விரலிற் குத்தி இரத்தம் எடுத்தார். குளிசைகளை மேசையில் வைத்தபோது எண்ணிப் பார்த்தார்.

“இதை ஏன் தம்பி மிச்சம் வைத்தனீங்கள்?”

அடுத்த பயணத்துக்கு என்று சொல்ல நா எழவில்லை. அவரும் மறுமுறை கேட்கவில்லை. பதிவேட்டில் எனது பெயருக்கு நேரே ஏதோ எழுதிக்கொண்டார்.