சீட்டுக் கட்டின் பூர்வீகம்

ஆண்டிமடம் வட்டாரத்தில் முந்திரிக் காடுகள் மிகுதி. கொட்டை பொறுக்கும் காலம் போக, மற்ற நாள்களில் அம்மர நிழல்களில் சீட்டாடுவோர் உண்டு. பொழுதுபோக்காகத் தொடங்கி, நகையும் நிலமும் கைமாறி முடிந்த கதைகள் ஊரில் ஏராளம். ஆகவே சீட்டுக் கட்டைக் கண்டதும் நம் வீட்டார் முகம் சுளிப்பது வீம்பு அன்று. சூதாட்டத்தையும் குறி பார்க்கும் அம்புகளையும் ஒரே வசனத்தில் சேர்த்து விலக்கிய மார்க்கம் நம்முடையது.

இந்நிலையில், பெங்களூரில் கைவினை வடிவமைப்புப் பயிலும் என் தங்கையின் மகள், "பழைய கஞ்சிஃபாச் சீட்டுகளைப் புதுப்பிக்கும் கலைதான் என் ஆய்வுப் பொருள், மாமு" என்று அறிவித்தாள். வீட்டில் பூகம்பம்தான். "அண்ணே, பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, சீட்டாட அனுப்பினோமா? நீங்களே கேளுங்கள்" என்று தங்கை வழக்கை என்னிடம் ஒப்படைத்தாள். தீர்ப்புச் சொல்லுமுன் நூல்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

1931-இல் இஸ்தான்பூலின் தோப்காப்பி அரண்மனையில் லியோ மேயர் என்னும் அறிஞர் பழஞ்சீட்டுக் கட்டொன்றைக் கண்டெடுத்தார். எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் காலத்து மரபைச் சேர்ந்தது அது. ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். பொன்னும் நீலமும் இழைத்த பூவேலை. காசு, கிண்ணம், வாள், போலோக் கோல் என நான்கு இனங்கள். அரசன், அவனுடைய நாயிப், இரண்டாம் நாயிப் என்ற பதவிச் சீட்டுகளும் உண்டு. ஆனால் ஒன்றிலேனும் மனித உருவம் இல்லை! பதவியின் பெயர் அழகிய அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது; அதுவே அரசனுக்கு அடையாளம்.

நாயிப் என்ற சொல் நமக்குப் புதிதன்று. நாயிப் காஜி என்று சொல்லிப் பழகிய நமக்கு, ஸ்பானிய மொழியில் சீட்டுக் கட்டுக்கு இன்றும் 'நைப்பெஸ்' என்பதே பெயர் என்று கேட்டால் வியப்பு வராதா? 1377-இல் பிளாரன்ஸ் நகரம் இவ்வாட்டத்தைத் தடுத்துச் சட்டம் செய்தபோதும் 'நைப்பே' என்ற பெயராலேயே குறிப்பிட்டது. வந்த விருந்தாளி வந்த வேகத்திலேயே வம்பும் வளர்த்திருக்கிறான் போலும். போலோ ஆட்டம் அறியாத ஐரோப்பியர் அதன் கோலை வெறுந்தடியாக்கினர். வாள் மட்டும் வாளாகவே நின்றது. நம்மூர் ஆட்டக்காரர் வாயில் புரளும் 'இஸ்பேடு' என்ற சொல்லுக்குள் இருப்பதும் வாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே.

1440-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட இத்தாலியர் இந்த நான்கு இனங்களோடு இருபத்திரண்டு சித்திரச் சீட்டுகளைச் சேர்த்து 78 ஆக்கினர். அதுதான் டாரோ. அதுவும் ஆட்டமாகவே பிறந்தது. 1781-இல் கூர் த ஷெபலென் என்னும் பிரெஞ்சுக்காரர், இது பண்டைய எகிப்தியரின் ஞான நூல் என்று எழுதிவைத்தார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822-இல்! படிக்கத் தெரியாத மொழியின் பேரால் எழுந்த அந்தக் கற்பனையே இன்றைய குறிசொல்லலுக்கு அடித்தளம். மிலான் பிரபுக்களுக்காக வரைந்த கட்டொன்றில் 74 சீட்டுகளே மிஞ்சியுள்ளன. காணாமற்போன நான்கையும் இக்கால ஓவியர் புதிதாக வரைந்து நிரப்பி மறுபதிப்புச் செய்கின்றனர்.

நம் நாட்டுக்கு வருவோம். 1527-இல் பாபர் பாதுஷா, சிந்துவின் ஷா ஹஸனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகள் அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அக்பர் அவையின் ஆட்டங்களை அபுல் ஃபஸல் 'ஆயினே அக்பரி'யில் விவரிக்கிறார். பரவலாக வழங்கிய முகலாயக் கட்டில் எட்டு இனங்கள், இனத்துக்குப் பன்னிரண்டாக 96 சீட்டுகள். எல்லாம் வட்ட வடிவம். கிரீடம், வாள், யாழ், அடிமை, பொற்காசு, வெள்ளிக்காசு, சரக்கு, ஆணையோலை என்று ஓர் அரசாங்கமே அதில் அடங்கிவிடும். கருவூலம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. ஓர் உழவன் மட்டும் இல்லை. பின்னர் இந்துக் கலைஞர்கள் தசாவதாரங்களை அமைத்துப் பத்து இனங்களாக 120 சீட்டுகள் செய்தனர். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதுப்புது ஆட்டங்களையே வகுத்தார்.

அச்சடித்த மலிவுச் சீட்டு வந்ததும் கைச்சீட்டு மடிந்தது. மராட்டியத்தின் சாவந்த்வாடியில் இதன் தொழில் அறிந்த முதியவர் ஏறக்குறைய ஒருவரே எஞ்சிய நிலையில், அவ்வூர் அரச குடும்பத்துச் சிவராம்ராஜே போன்ஸ்லேயும் அவர் துணைவி சத்வசீலா தேவியும் அவரிடம் கற்று, அரண்மனையிலேயே பட்டறை அமைத்து இளைஞரைப் பழக்கினர். மைசூரில் ரகுபதி பட்டர் இதே பணியைச் செய்தார். கலையைக் காத்தவர்கள் ஆட்டத்தைக் காக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒடிசாவின் சில ஊர்களில் முதியோர் ஆடுவது ஒழிய, வட்டச் சீட்டுகள் இப்போது பெரும்பாலும் கண்ணாடிச் சட்டத்துக்குள்தான் வாழ்கின்றன. எனக்கு அதில் வருத்தமில்லை. பணயம் போய் வேலைப்பாடு தங்கியது.

இவற்றையெல்லாம் தங்கையிடம் எடுத்துரைத்தேன். அவள் கேட்ட ஒரே கேள்வி: "உருவம் வரைவாளா?" மம்லூக்குக் கட்டின் நகலொன்றை மருமகள் காட்டினாள். எழுத்தும் கொடியும் பூவும் மட்டுமே. தங்கை அதை நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, குறி பார்க்கும் கூட்டத்தோடு ஒட்டுறவு கூடாது, பணம் வைத்து ஆடுவோர்க்கு விற்கக் கூடாது என்று இரு நிபந்தனைகள் விதித்தாள். மருமகள் இரண்டையும் ஏற்றாள்.

ஒடிசா முறையில் பழந்துணியை அடுக்கி ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசைதான் வேண்டுமாம். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைக்கும் வேலை இப்போது தங்கையின் அடுப்படியில் நடக்கிறது. மச்சான் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.