பெருக்கல் குறி பாலைவனம்

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில், கையில் பழைய 1:24,000 சர்வே மேப்போடு நடந்தேன். எங்கு பார்த்தாலும் பெருக்கல் குறி... கணக்கு வாத்தியார் திருத்தின பேப்பர் மாதிரி! ஒவ்வொன்றும் எவனோ உலோகம் தேடித் தோண்டிப் பார்த்த குழி. பெரும்பாலும் கையை விரித்த குழிகள். லாஸ்ட் ஹார்ஸ் சுரங்கம் மட்டும் 1894 முதல் 1931 வரை 10,000 அவுன்ஸுக்கு மேல் தங்கம் கொடுத்தது.

நீல மையில்தான் கஞ்சத்தனம். மாடு வளர்த்தவர்கள் 1900 வாக்கில் கட்டிய பார்க்கர் அணையை, பிறகு உயர்த்திக் கட்டியவர் பில் கீஸ். பண்ணை, சுரங்கம் இரண்டும் வைத்திருந்த ஆசாமி. 1943-ல் வண்டிப்பாதைத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரைச் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்றார், ஜெயில்தான் கிடைத்தது. பெர்ரி மேசன் கதைகள் எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் முயற்சியால் 1956-ல் மன்னிப்பு.

நம்மூர் வரப்புச் சண்டையேதான், சார்! மேப்பில் இந்த மாதிரிப் பாதைகளுக்கு விட்டுவிட்டு ஒரு கோடு, அவ்வளவுதான்.