வலி குறைந்தால் போதாது

முடக்குவாதத்தில் வலிக்கு ஒரு கணக்கு, சேதத்துக்கு இன்னொரு கணக்கு. வலி மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வலி அடங்கலாம். ஆனால் மூட்டுக்குள் வீக்கம் அப்படியே இருக்கும். எலும்பின் ஓரம் அரிபட்டுக்கொண்டே இருக்கும். மூட்டுவாத மருத்துவராக நான் தினமும் செய்யும் வேலையின் சாரம் இந்த இரண்டு கணக்குகளையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. நோய் வந்ததும் அது தடித்து, குருத்தெலும்பின் மேல் படர ஆரம்பிக்கிறது. குருத்தெலும்பின் காப்பு இல்லாத விளிம்பில், எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. எக்ஸ்ரேயில் அது சிறு பள்ளமாகத் தெரியும். பலருக்கு அந்த முதல் பள்ளம் கையில் வருவதில்லை. காலின் சுண்டுவிரல் அடிமூட்டில் வருகிறது. அதனால் கைவலி என்று வருபவருக்கும் பாதத்தைச் சேர்த்தே எக்ஸ்ரே எழுதித் தருகிறேன். எலும்பில் விழுந்த பள்ளம் ஆறுவது அரிது. அழிந்த குருத்தெலும்பு மறுபடி வளர்வதில்லை. இந்த நோயில் காலம் கடத்துவதற்குக் கொடுக்கும் விலை அதுதான்.

அந்த விலையைத் தவிர்க்க, நோய் உள்ளே எவ்வளவு கனன்றுகொண்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். அளப்பது கையால். ஒவ்வொரு முறையும் 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்க்கிறேன்: தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் ஆகியவை இரண்டிரண்டு, கைவிரல்களின் அடிமூட்டு பத்து, அவற்றுக்கு அடுத்த மூட்டு பத்து. என் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் நோயுள்ள மூட்டு தப்பிவிடும்; கூடினால் நல்ல மூட்டும் வலிக்கும். விரலுக்கடியில் மெத்தென்று அமுங்கினால் சவ்வின் வீக்கம். கல்லுபோல் நின்றால் பெரும்பாலும் வயதின் தேய்மானத்தால் வந்த எலும்பு முடிச்சு. இந்த வேறுபாடு விரல்நுனியில் படிய வருடங்கள் ஆகும். எந்த இயந்திரமும் என்னிடமிருந்து இதை எடுத்துக்கொள்வதை நான் விரும்பவில்லை.

தொட்டால் வலிக்கும் மூட்டு எத்தனை, வீங்கிய மூட்டு எத்தனை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். எவ்வளவு, தன் நிலைக்கு நோயாளியே போடும் மதிப்பெண் எவ்வளவு என்ற நான்கையும் சேர்த்தால் ஓர் எண் கிடைக்கிறது. 5.1-க்கு மேல் என்றால் நோய் உக்கிரம். 2.6-க்குக் கீழே என்றால் அடங்கிய நிலை. சர்க்கரை நோய்க்கு ஓர் இலக்கு எண் இருப்பதுபோல முடக்குவாதத்துக்கும் உண்டு என்பது இன்னும் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை.

எண் இருந்தால் மட்டும் ஆகாது; அதற்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். இதை எனக்கு ஐயமின்றி உணர்த்தியது நெதர்லாந்தில் லெய்டன் நகரை மையமாகக் கொண்டு நடந்த ‘பெஸ்ட்’ ஆய்வு. 2000-ல் தொடங்கிய அந்த ஆய்வில், நோய் வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகாத 508 பேர் சேர்ந்தார்கள். நான்கு குழு, நான்கு வழி. முதல் குழுவுக்கு ஒரு மருந்து. அது கேட்காவிட்டால் வேறொன்று. இரண்டாம் குழுவுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக மருந்தைச் சேர்த்துக்கொண்டே போவது. மூன்றாம் குழுவுக்கு முதல் நாளிலிருந்தே மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், அதிக அளவில் ஆரம்பித்து மளமளவெனக் குறைக்கும் ஸ்டீராய்டு. நான்காம் குழுவுக்கு மெத்தோட்ரெக்சேட்டும் நரம்பு வழியாக ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாப்பும். நான்கு குழுவுக்கும் விதி ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும், அவர்கள் பயன்படுத்திய சற்று வேறான அளவுகோலில் 2.4-க்கு இறங்கவில்லை என்றால் சிகிச்சையை மாற்றியே ஆக வேண்டும்.

ஓராண்டு முடிவில் மூன்றாம், நான்காம் குழுவினர் முந்தி நின்றார்கள். எக்ஸ்ரேயில் கூடிய சேதத்தின் நடுமதிப்பு முதல் இரு குழுக்களில் 2.0, 2.5, அடுத்த இரண்டில் 1.0, 0.5. ஆரம்பத்திலேயே பலமாக அடித்தால் எலும்பு பிழைக்கிறது. ஆனால் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது பத்தாண்டு முடிவைத்தான். அப்போது நான்கு குழுக்களுக்கும் இடையே அன்றாட வேலைத் திறனிலும் மூட்டுச் சேதத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கடைசிவரை ஆய்வில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. ஏறத்தாழ ஏழில் ஒருவர் மருந்தே இல்லாமல் அந்த நிலையில் இருந்தார். புறப்பட்ட பாதை வேறாக இருந்தாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து திருத்தியதுதான் எல்லோரையும் ஓரிடத்தில் சேர்த்தது.

அந்த முடிவுகள் வெளிவருவதற்கு முன்பே, 2004-ல், கிளாஸ்கோவில் 110 பேரை வைத்து நடந்த ஆய்வும் இதைச் சொல்லியிருந்தது. இரு தரப்புக்கும் கிடைத்தவை அதே பழைய மருந்துகள். ஒரு தரப்பை மட்டும் மாதாமாதம் அளந்து மருந்தைக் கூட்டினார்கள். 18 மாதத்தில் அந்தத் தரப்பில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான சிகிச்சையில் 16 சதவீதம்.

ஆய்வில் எளிதாகத் தெரியும் இந்த விதி, நோயாளி எதிரே உட்காரும்போது கடினமாகிவிடுகிறது.

“இப்போ தேவலை டாக்டர். மாவு பிசைய முடியுது, புடவைக் கொசுவம் வைக்க முடியுது. அப்புறம் எதுக்கு மாத்திரையைக் கூட்டறீங்க?”

“வலி குறைஞ்சிருக்கும்மா. ஆனா இந்த மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்க, இன்னும் மெத்துனு இருக்கு. இதை விட்டா ரெண்டு வருஷம் கழிச்சு எக்ஸ்ரேல தெரியும். அப்போ என்னால சரிபண்ண முடியாது.”

அவர் விரலைப் பிடித்து அவருடைய மணிக்கட்டிலேயே வைத்துக் காட்டுவேன். வீக்கத்தைத் தானே தொட்டு அறிந்தவர்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவது குறைவு.

அடுத்த தடை மெத்தோட்ரெக்சேட்டின் மேலுள்ள பயம். செல்போனில் தேடினால் புற்றுநோய் மருந்து என்று வரும். புற்றுநோய்க்குச் சில வேளைகளில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் கூடக் கொடுப்பார்கள். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 25 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை என்று விளக்குகிறேன். இந்த மருந்து பிறந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்றும் சொல்கிறேன். அவர் 1948-ல் மறைந்தார். நாற்பது ஆண்டு கழித்துத்தான் அமெரிக்காவில் இது முடக்குவாதத்துக்கு அங்கீகாரம் பெற்றது. இன்று உலகெங்கும் முடக்குவாதச் சிகிச்சை பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறது.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. இது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது உயிருக்கே ஆபத்தாகும். அதனால் ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று சீட்டில் தமிழில் எழுதி, வீட்டில் உள்ள ஒருவரை வாசிக்கச் சொல்கிறேன். ஃபோலிக் அமிலம் வேறு நாளில். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் முறையாகப் பரிசோதனை. குழந்தை பெற நினைப்பவருக்கு இதை முன்கூட்டியே நிறுத்தி வேறு மருந்து.

ஸ்டீராய்டு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை ஸ்டீராய்டு கைகொடுக்கும், மூட்டு எலும்பு அரிபடுவதையும் ஓரளவு தடுக்கும். கொடுக்கும் நாளிலேயே நிறுத்தும் தேதியையும் எழுதுகிறேன். கடையில் தானாக வாங்கி ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவருக்கு வலி இருக்காது. சர்க்கரையும் கண்புரையும் எலும்புச் சிதைவும் வரும்.

“விலை கூடிய ஊசி மருந்துக்கு வசதி இல்லையே” என்று கலங்குபவர்களுக்கும் வழி இருக்கிறது. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாமல் போனவர்களுக்கு இரண்டு வழிகளை ஒப்பிட்டார்கள். ஒன்று, அதனுடன் சல்ஃபாசலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சேர்த்த மூன்று மாத்திரை வழி. மற்றது, விலை கூடிய எட்டனர்செப்ட் ஊசி. மாத்திரை வழி சளைக்கவில்லை. பலன் தராதவரை 24 வாரத்தில் மற்ற வழிக்கு மாற்றும் ஏற்பாடும் அதில் இருந்தது. ஊசி தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறைந்திருக்கும் காசநோயைச் சோதித்த பிறகு தயங்காமல் கொடுக்கிறேன். ஆனால் பணம் இல்லாததால் மூட்டை இழக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூட்டைக் காப்பதில் மருந்தின் விலையைவிட, தவறாமல் வந்து அளந்துகொள்வது பெரிது.

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகி நிற்கிறதா, சிறு மூட்டுகள் வீங்கி ஆறு வாரம் ஆகிவிட்டதா, தைலத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் அடுத்த முறை போகும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: “என் எண் இன்று எவ்வளவு? எவ்வளவுக்கு இறங்க வேண்டும்?” அப்படிக் கேட்கும் நோயாளி என் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறார்.