அடைப்புக்குறிக்குள் ஓர் எடுகோள்

கணிதத் தேர்வுத்தாள்களுக்காக லேடெக் கற்றிருந்தேன். கடந்த பள்ளி விடுமுறையில், பல்கலைக்கழகத்தில் தருக்கம் பயிலும் என் மகளின் குறிப்புகளை அதில் அச்சுக்கோத்துக் கொடுத்தேன். சில எடுகோள்களைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறியும் அதன்மேல் ஒரு சிற்றெண்ணும் இருந்தன. அலங்காரம் எனக் கருதி விட்டுவிட்டேன்.

“அம்மா, நிறுவலே மாறிவிட்டதே!” என்றாள் மகள்.

இயற்கை உய்த்தறிதலில், ‘அ’ எனத் தற்காலிகமாகக் கொண்டு ‘ஆ’ என்பதை வருவித்தால், ‘அ எனில் ஆ’ என முடிக்கலாம். அப்படியோடு அந்த எடுகோளின் கடன் தீர்கிறது. தீர்ந்ததை அடைப்புக்குறி சொல்கிறது. எந்தப் படியில் தீர்ந்தது என்பதை எண் சொல்கிறது. கெரார்ட் கென்ட்சன் 1935இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இவ்வெண்முறை உண்டு. குறியை நீக்கினால், தனித்து நிற்கும் முடிவும் எடுகோளைச் சார்ந்து நிற்பதாகத் தோன்றும்.

சாம் பஸ் உருவாக்கிய பஸ்புரூஃப்ஸ் தொகுப்பு கோடுகளை அழகாக வரைகிறது. எண்ணை எடுகோளின் மேலும் கோட்டின் அருகிலும் நாமேதான் இடவேண்டும்; பிசகினால் அது எச்சரிக்காது.

மாணவர் ஏடுகளில் தேவையற்றவை என்று நான் அடித்த குறிகள் எத்தனையோ! இப்பொழுதெல்லாம் சிவப்பு மையைத் தொடுமுன் கேட்கிறேன்: “இது எதற்கப்பா?”