வழி காட்டும் பலகைகள்

தலைநகர் தில்லிக்குப் புதிதாய்க் குடிவரும் தமிழன்பர்கள் இந்தியைக் கற்கத் தொடங்கும் அன்றே இந்நகரின் சாலைப் பலகைகளைப் படிக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். நெடுநாள் இங்கு வாழும் நாமே ஓரிரவில் இதனை உணர்ந்தோம்.

இந்தியா கேட்டைச் சூழ்ந்து அறுகோண வடிவில் ஒரு சாலை ஓடுகிறது. அசோகர் சாலை, அக்பர் சாலை, ஷாஜகான் சாலை, திலக் மார்க் எனப் பத்துக்கும் மேற்பட்ட சாலைகள் அதில் வந்து கூடுகின்றன. பகலில் அது கண்ணுக்கு விருந்து. வழி தேடுவோர்க்கோ சோதனை. எத்திசை நோக்கினும் ஒரே மாதிரியான மரங்களும் புல்வெளியுமே தென்படும்.

சென்ற மார்கழியில், ஊரிலிருந்து வந்திருந்த நம் பெரியம்மாவுக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறியது. காரில் மருத்துவமனைக்கு விரைந்தோம். மூடுபனியோ அடர்ந்திருந்தது. கைப்பேசி, “ஐந்தாவது திருப்பம்” என்றது, எண்ணிக்கை தவறிவிட்டது. பலகையோ திருப்பத்தின் வாயிலேயே நின்றது. அதைக் கண்டு படித்து முடிப்பதற்குள் வண்டி அவ்விடத்தைக் கடந்துவிட்டது. இருமுறை சுற்றிய பின்னரே வழி கிட்டியது. இறையருளால் பெரியம்மா பிழைத்தார்.

பெயர்களும் மயக்கம் தருவன. கர்சன் ரோடு கஸ்தூர்பா காந்தி மார்க் ஆயிற்று. கன்னாட் பிளேஸ் 1995-இல் ராஜீவ் சௌக் ஆயிற்று. 2015-இல் ஔரங்கசீப் சாலைக்கு அப்துல் கலாம் பெயரும், 2022-இல் ராஜபாதைக்குக் கர்த்தவ்ய பத் என்ற பெயரும் சூட்டப்பட்டன. பலகை புதுப்பெயரைக் காட்ட, வழிப்போக்கர் பழம்பெயரையே சொல்கின்றனர். இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என நால்வகை எழுத்துகளில் பெயர் பொறித்திருந்தும், தமிழ் மட்டுமே அறிந்த நம் முதியோர்க்கு அவற்றால் பயனில்லை.

எழுத்தறியாதார்க்கும் உதவுவன வடிவங்களே. சிவப்பு விளிம்புடைய முக்கோணம் எச்சரிக்கை, வட்டம் கட்டளை, நீள்சதுரம் தகவல். ஆயினும் இவற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. நீல வட்டத்தில் ஒற்றைச் சிவப்புக் கோடு இருப்பின் வண்டியை அங்கே நிறுத்தி வைக்கலாகாது. ஆளை இறக்கிவிட்டுச் செல்லலாம். இரு கோடுகள் குறுக்கிட்டிருப்பின் கணமேனும் நிற்கலாகாது. முதியோரை வாயிலில் இறக்க முனைவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

வழி தெரிந்தவனுக்குப் பலகை வேண்டுவதில்லை. அயலூரான் ஒருவன், இருளில், அவசரத்தில் வருவான் என்றெண்ணியே அதை நாட்ட வேண்டும். திருப்பத்துக்கு வெகுமுன்னரே நாட்ட வேண்டும். இதனை நகராட்சியார் உணரும் நாள் வரட்டும். அதுவரை அன்பர்கள் ஒன்று செய்யலாம். அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் வழியை ஒரு பகற்பொழுதில் குடும்பத்துடன் சென்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சாலைகளின் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் தமிழில் எழுதி வாசற்கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். நம் இல்லத்தில் அவ்வாறே செய்திருக்கிறோம்.